ஆடிக்கு முன் அடித்த ஆணி

குகதாசன் எதையும் நல்ல நேரம் பார்க்காமல் தொடங்க மாட்டார். காருக்குக் குளிர்கால டயர் மாற்றுவதற்குக்கூடப் பஞ்சாங்கம் புரட்டும் மனிதர் சுவிஸ் முழுவதிலும் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்பது அவருடைய மனைவி பிரசாந்தினியின் எண்ணம். கராஜ்காரன் தரும் நாள் பஞ்சாங்கத்துக்கு ஒத்துவராவிட்டால், அதற்கு முன்னரே நல்ல நேரத்தில் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து காரில் சாய்த்து வைத்துக் கற்பூரம் காட்டிவிடுவார். தொடங்கியாயிற்று அல்லவா? மிச்சத்தைக் கராஜ்காரன் எந்த ராகு காலத்தில் பூட்டினாலும் அவருக்குக் கவலையில்லை.

வில் என்ற நகரத்துக்குப் பக்கத்தில், ரயில் நிற்காமல் போகிற ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தது அவர்களுடைய வீடு. அவர் உலோகத் தொழிற்சாலையிலும் அவள் முதியோர் இல்லத்திலும் உழைத்து வாங்கியது. வேறு யாரும் வாங்க முன்வராத பழைய வீடு என்பதை வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே புரிந்துகொண்டார்கள். கீழறையில் எண்ணெய் குடித்தே தீர்க்கும் ஒரு கிழட்டுக் கொதிகலன். மேலே கூரை சரிந்து இறங்கும் படுக்கையறை. கட்டிலை வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் கதவு திறக்கும். கார்த்திகை வந்தால் அந்தச் சுவர் வியர்க்கும், பிறகு கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். சுவர்ப் பக்கம் படுப்பது எப்போதும் குகதாசன். மனைவிக்குக் குளிர் படக்கூடாது என்று அவராக எடுத்துக்கொண்ட இடம் அது. குளிர்காலம் முழுக்க அவருக்கு இருமல். மருந்து எழுதித் தந்த டாக்டரே, முதலில் சுவரைப் பாருங்கள், பிறகு மார்பைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே பிரசாந்தினிக்கு அந்தச் சுவர்தான் உலகம். ஊர்ச் சபை, அதாவது கெமைண்டே, மாதம் தோறும் போடும் தாளில் அந்த அறிவித்தலைக் கண்டபோது அவளுடைய கண் நேரே சுவருக்குத்தான் போயிற்று. சொந்த வீட்டுக்காரர்கள் சுவருக்கும் கூரைக்கும் குளிர்காப்புப் போட, பழைய ஜன்னலையும் கொதிகலனையும் மாற்ற, சபை மானியம் தருகிறதாம்.

"சோசியல் காசோ?" என்று, வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணத்தை நினைத்துக் குகதாசன் முகத்தைச் சுளித்தார். "வந்த காலத்தில வாங்கினது காணும். இனி ஒருத்தரிட்டையும் கை நீட்டேலாது."

"வடிவாக் கேளுங்கோ. இது சோசியல் எடுக்காத ஆக்களுக்கு மட்டும்தானாம். எடுக்கிறவைக்கு இல்லை."

அவர் இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொண்டார். எடுக்காததற்காகத் தருகிறார்கள் என்றால் அது பரிசு மாதிரித்தானே என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக் கையெழுத்தும் வைத்தார்.

சபையிலிருந்து எரிசக்தி ஆலோசகர் வந்தார். ஃபிரவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், என்ற ஒல்லியான பெண். சுவரைத் தட்டினார், அளந்தார், கொதிகலனைப் பார்த்து உச்சுக் கொட்டினார். போகும்போது வாசலில் நின்று ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: "சபை அனுமதிக்கும் வரை வேலையைத் தொடங்கக்கூடாது. தொடங்கிய வேலைக்கு மானியம் இல்லை. ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்." பிரசாந்தினி அதை அப்படியே தமிழில் சொன்னாள். குகதாசன் "ஓம், ஓம்" என்றார். அவர் இரண்டு முறை ஓம் சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அன்றைக்கு அவளுக்கு அது உறைக்காமல் போய்விட்டது.

வேலைக்காரக் கம்பனி ஓகஸ்ட் தொடக்கத்தில் வருவதாகச் சொன்னது. அதை விட்டால் அடுத்த வசந்தம்தான். குகதாசன் நாட்காட்டியைப் பார்த்தார். ஓகஸ்ட் தொடக்கம் ஆடி மாதம். ஆடியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா?

ஆனி மாதத்தின் கடைசி நல்ல நாளன்று பிரசாந்தினி வேலையிடத்தில் இருந்தாள். ஒரு வயதானவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்து கைபேசியைப் பார்த்தால், சொந்தக்காரர்களின் வட்சப் குழுவில் படம். வீட்டின் வடக்குச் சுவர், தோட்டத்திலிருந்து எடுத்தது. அதன் ஈசான மூலையில், கம்பனிக்காரன் மாதிரிக்குத் தந்துவிட்டுப் போன குளிர்காப்புப் பலகை. அதன் நடுவில் புத்தம் புதிய ஆணி ஒன்று. ஆணியைச் சுற்றிச் சந்தனம், குங்குமம். கீழே உடைத்த தேங்காய். "வீட்டு வேலை இனிதே ஆரம்பம்" என்று குகதாசன் எழுதியிருந்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? அந்த மனிசி ஆணி அடிக்க வேண்டாமெண்டு சொன்னதெல்லோ!"

"வேலை எங்க தொடங்கினது? நல்ல நாளுக்குப் பேருக்குச் செய்யிற நாள் வேலை மட்டும்தானே. ஒரு ஆணி."

"அவையளுக்கு அது வேலை!"

அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கிற்று. விளங்கியதும் முகம் கறுத்துப்போனது. வெள்ளிக்கிழமை ஃபிரவ் கெல்லர் இறுதியாகப் படம் எடுக்க வருவார். ஆணியைப் பிடுங்குங்கள் என்றாள் பிரசாந்தினி. கும்பிட்டு அடித்த ஆணியைப் பிடுங்க மாட்டேன் என்றார் அவர். அப்படியானால் நானே பிடுங்குகிறேன் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் குங்குமத்துக்கு நேரே சுத்தியலைக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. இந்த மனுஷனை ஏசிக்கொண்டே அவளும் அவர் நம்புகிறதைத்தான் நம்பினாள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றிரவு அவரோடு பேசாமல், அவருக்கு முன்னரே போய், அவருடைய இடத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். அவர் வந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் படுத்தார். மறுநாள் வழமைபோல அவர் சுவர்ப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்துப் பெரிய குடையை விரித்து ஈசான மூலையில் சாய்த்து வைத்தாள். தக்காளிச் சாடிகளையும் முன்னே நகர்த்தினாள். தன் வாழ்க்கையில் ஒரு அதிகாரிக்கும் பொய் சொல்லாதவள், அந்த இருமலுக்காகச் சொல்லத் துணிந்திருந்தாள்.

ஃபிரவ் கெல்லர் வந்தார், படம் எடுத்தார். "ஒன்றும் தொடங்கவில்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை," என்றாள் பிரசாந்தினி. குரல் நன்றாகத்தான் இருந்தது.

ஃபிரவ் கெல்லர் பையை மூடிவிட்டார். வாசல் படலை வரைக்கும் போய்விட்டார். அப்போது குகதாசன், "ஃபிரவ் கெல்லர்," என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் குடையை மடக்கினார்.

அந்த நிமிஷம் பிரசாந்தினிக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. ஃபிரவ் கெல்லர் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், காய்ந்துபோன சந்தனத்தைப் பார்த்தார். பிறகு இவள் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இரக்கமுள்ள மனுஷி.

"இது ஒரு அலங்காரம், இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டால் போதும். பிரசாந்தினி வாயைத் திறந்தாள்.

"அலங்காரம் இல்லை," என்று குகதாசன் தன் உடைந்த ஜெர்மனில் முந்திக்கொண்டார். "தொடக்கம். நல்ல தொடக்கம். நான் தொடங்கினேன்."

ஃபிரவ் கெல்லர் பெருமூச்சு விட்டுப் பையைத் திறந்து, அந்த மூலையையும் படம் எடுத்தார்.

அவர் போன பிறகு பிரசாந்தினி தக்காளிச் சாடிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள். "உங்களுக்கென்ன விசரோ? அவவே வழி காட்டினவ."

"சாமியைக் கும்பிட்டுத் தொடங்கினதை ஒளிச்சு வைச்சால், அது களவெடுத்த சாமான் மாதிரி ஆயிடும், பிரசா. பிறகென்னத்துக்கு நல்ல நேரம்?" என்றார் அவர். அவள் எழுந்து சாடிகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தத் தொடங்கினாள்.

ஆடி பிறந்து சில நாளில் முடிவு வந்தது. பிரசாந்தினி நின்றபடியே வாசித்தாள். கூரைக்கு மானியம் உண்டு. ஜன்னல்களுக்கு உண்டு. எண்ணெய்க் கொதிகலனை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைக்கவும் உண்டு. வடக்குச் சுவருக்கு மட்டும் இல்லை. அங்கே வேலை ஏற்கெனவே தொடங்கப்பட்டுள்ளது.

குகதாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசி வரியைத் தானும் எழுத்துக் கூட்டி வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரோ? தொடங்கினதெண்டு அவையளே எழுதியிருக்கினம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையில் போய் நின்றது. "எந்தச் சுவரெண்டு பாருங்கோ. நீங்கள் படுக்கிற சுவர். அதைக் கைக்காசு போட்டுச் செய்து முடிக்க எங்களுக்கு இன்னும் எத்தினை குளிர் போகோணுமோ!"

அவர் மறுபடி வாசித்தார். இந்த முறை முகத்தில் மலர்ச்சி இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "போனாப் போகுது. எனக்குப் பழகின சுவர்தானே," என்றார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. நேரே மாடிக்குப் போனாள். சுவர்ப் பக்கத்திலிருந்த அவருடைய தலையணையை எடுத்து வெளிப் பக்கம் போட்டாள், தன்னுடையதைச் சுவரோடு வைத்தாள். பின்னாலேயே ஏறி வந்தவர் வாசலில் நின்றார்.

"என்ன செய்யிறீர்?"

"இனி நான் இந்தப் பக்கம்."

"உமக்கு முழங்கால் வருத்தம். குளிர் வரட்டும், அப்ப பாப்பம்."

"குளிர் வந்தாப் பிறகு நீங்கள் விடமாட்டியள். அதுதான் இப்பவே."

அவர் யோசித்தார். கடைசியாகத் தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். "ஆடி பிறந்திட்டுது, பிரசா. ஆடியில ஒண்டும் புதுசாத் தொடங்கக்கூடாது."

"ஆர் இப்ப தொடங்கிறது?" என்றாள் அவள், போர்வையை உதறி விரித்தபடி. "நீங்கள் ஆணி அடிச்ச அண்டு ராத்திரி, கோவத்தில நான் இந்தப் பக்கம் படுத்தனான். ஞாபகம் இருக்கோ? நீங்கள் பாத்து வைச்ச அதே நல்ல நாள். அண்டைக்கே தொடங்கியாச்சு."

குகதாசன் அவளுக்கு நேரே வந்து, போர்வையின் மற்ற நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார்.