பாண் வண்டி மெட்டு

கஜேந்திரன் நீட்டிய தாளை வாங்கிய சுபோதினி அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. முன்பக்கத்தில் நாலு வரி மெட்டு, அதற்கு மேலே சில ஆங்கில எழுத்துகள், இடையிடையே எண்கள். அவ்வளவுதான். அவளோ வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடமாகப் பியானோ கற்பிக்கிறவள். லண்டன் பரீட்சைகளில் ஒவ்வொன்றாக ஏறி டிப்ளோமாவும் எடுத்தவள். பதினெட்டுப் பக்கத்தை ஒரு சுரமும் தவறாமல் வாசிக்கிறவளுக்கு முதல் ஒத்திகையில் இப்படி ஒரு துண்டுச் சீட்டா? போட்டோகொப்பிக் கடையில் மற்றப் பக்கங்களை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

"மிச்சத் தாள் எங்க?"

"மிச்சம் நீங்கதான் மிஸ்" என்றார் கஜேந்திரன்.

அவர் கேலி செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு முன்னறையில்தான் ஒத்திகை. வார நாட்களில் வங்கியில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ் வாசிப்பார். தன் உயரமளவு பெரிய பேஸ் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்தபடி அவர், டிரம்ஸுக்குக் கொம்பனித்தெரு பௌஸி, பியானோவுக்குக் கிஷாந்த். போன மாதம் கிஷாந்த் டொரொன்டோவுக்குப் பறந்துவிட்டான். கஜேந்திரனின் மகள் சுபோதினியிடம் படித்தவள். டிப்ளோமா எடுத்த மிஸ் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேறு ஆளை ஏன் தேடவேண்டும் என்று வந்து கேட்டார். இரண்டு ஒத்திகை, ஒரு ஞாயிறு. சரிவந்தால் அந்த இருக்கை அவளுக்கு. சரிவராவிட்டால் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிற ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

யோசிக்கவும் நேரம் எடுக்காமல் அவள் ஓம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எல்லாரும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் வாசித்து யாரும் கேட்டதில்லை. வருடாந்தக் கச்சேரியில் பிள்ளைகள் வாசிப்பார்கள், மிஸ் பக்கத்தில் நின்று தாள் புரட்டுவாள். யாராவது தன்னை உட்கார்ந்து கேட்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெட்கப்படும் அளவுக்கு இருந்தது. அந்த ஆசையில் வாயை அடக்கமாட்டாமல், மாணவி ஒருத்தியின் தாயான தாரிகாவிடம் சொல்லியும் விட்டாள். தாரிகா வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அன்று பொழுதுபடுவதற்குள் எட்டுத் தாய்மார் அந்த ஞாயிற்றுக்கு மேசை பதிவு செய்துவிட்டார்கள்.

"முதல் எல்லாரும் மெட்டை வாசிப்பம்" என்று கஜேந்திரன் விளக்கினார். "பிறகு ஒவ்வொருத்தரா, அதே மெட்டின்ர எலும்பை வச்சுக்கொண்டு புதுசா அடிக்கிறது. கடைசியில திரும்ப மெட்டு. உங்கட முறை வரேக்க மனசில வாறதை அடியுங்கோ."

அவள் முறை வந்தது. கைகளைக் கட்டைகளில் வைத்து, மனதில் என்ன வருகிறது என்று பார்த்தாள்.

ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. தலைக்குள் எத்தனையோ பெரியவர்களின் இசை அடுக்கடுக்காகக் கிடந்தது. ஆனால் சுபோதினி என்று பெயர் எழுதிய தாள் ஒன்றுகூட அங்கே இல்லை. நாற்பத்தாறு வயதில் சொந்த வீட்டுக்குள் நுழைந்து, அது காலியாக இருப்பதைக் கண்டவள் போல உட்கார்ந்திருந்தாள். மெட்டு நாலு சுற்றுப் போய்விட்டது. பௌஸி மரியாதைக்காக முகட்டைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்டும் வரேல்லை" என்றாள்.

"வரும் மிஸ்." கஜேந்திரன் தன் போனிலிருந்து ஒரு ஒலிப்பதிவை அவளுக்கு அனுப்பினார். "போன வருஷம் ஹோட்டல்ல கிஷாந்த் அடிச்சது. சும்மா கேட்டுப் பாருங்கோ."

சும்மா கேட்கிற ஆளா அவள்? அன்றே வெறும் இசைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருந்தாள். ஒரு துண்டைக் கேட்பதும் நிறுத்துவதும் எழுதுவதுமாகப் பத்து நாள் போனது. கிஷாந்த் வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் எழுதி, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்ணும் போட்டாள். பரீட்சைக்குத் தயாராகும் ருசியே தனி. காலியான வீட்டின் பயம் மெல்ல விலகியது.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். பின்னேரம் நாலு மணிக்கு வீட்டு வாசல் ஒழுங்கைக்குள் பழனிமுத்துவின் பாண் வண்டி வரும். முச்சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும், கூரையில் ஒரு ஒலிபெருக்கி. அதிலிருந்து அந்த ஜெர்மன் மெட்டு, பியானோ தொட்ட பிள்ளையெல்லாம் முதலில் கற்றுத்தரச் சொல்லி அழுகிற அதே மெட்டு, கொழும்பு முழுக்கப் பாண் விற்கிற மெட்டு. மற்றவர்களுடைய வண்டியில் அது மெட்டாகவாவது இருக்கும். பழனிமுத்துவின் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போன வருட மழையில் தண்ணீர் போனதிலிருந்து ஐந்தாவது சுரம் அரைப்படி கீழே விழும். பிரேக் பிடித்தால் மெட்டு முழுவதும் முனகிக்கொண்டு சரியும். யாராவது பாண் வாங்க வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குவார். அது முடிந்ததை ஒருநாளும் அவள் கேட்டதில்லை. அவளுடைய காதுக்கு அது பல்லில் சோறோடு கல் கடிபட்டது மாதிரி.

"பழனிமுத்து, அந்தப் பெட்டியை மாத்த மாட்டீங்களோ? எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!" என்று பல்கனியிலிருந்து கத்துவாள்.

"மாத்திடறேன் மிஸ், மாத்திடறேன். மீன் வச்ச மாலு பாண் சூடா இருக்கு, குடுக்கவா?" என்பார் அவர். ஹட்டன் பக்கத்துக்காரர்; கோபமே வராத மனிதர். ஒரு வருடமாக இதே கதைதான்.

இரண்டாம் ஒத்திகையில் சுபோதினி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள். பத்து நாள் உழைப்பு ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தது. முடிந்ததும் பௌஸி, "யா அல்லா, மிஸ்!" என்றார். கஜேந்திரனின் முகம் மலர்ந்தது. "இன்னொருக்கா போவம்" என்றார்.

இன்னொருதரமும் அவள் அதையே வாசித்தாள். சுரம் மாறாமல், விரல் மாறாமல். நடுவில் ஒரு இடத்தில் இரண்டு தட்டு நிறுத்தி, பிறகு மேல் கட்டைகளில் ஒரே அடியாக மூன்று சுரம் சேர்த்து அடிக்கவேண்டும். அங்கே வந்தபோது பௌஸி பக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்தினார்.

"என்ன?" என்றாள்.

பௌஸி கஜேந்திரனைப் பார்த்தார். கஜேந்திரன் தரையைப் பார்த்தார்.

"மிஸ், இது கிஷாந்த் அடிச்சது."

"ஓம். ஒரு பிழையும் இல்லைத்தானே?"

"ஒரு பிழையும் இல்லை. அதுதான்..." அவர் இழுத்தார். "அந்த இடத்தில, மிஸ்... அவன் தும்மினவன்."

சுபோதினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு தட்டு மௌனத்தைத்தான் அவள் மிகவும் விரும்பியிருந்தாள். என்ன துணிச்சல், என்ன நிதானம் என்று வியந்து, அதன் மேல் பென்சிலால் வட்டமும் போட்டிருந்தாள். பதிவில் கேட்ட சத்தத்தைக் கதிரை இழுபடுகிற சத்தம் என்று எண்ணியிருந்தாள். அந்த மூன்று சுரமும் தும்மலோடு கை போய் விழுந்ததாம்.

"நான் உங்களைச் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறன் எண்டு வையுங்கோ" என்றார் கஜேந்திரன், நோகடிக்காத குரலில். "நீங்க போன வருஷம் கிஷாந்த் சொன்ன மறுமொழியைச் சொல்லுறீங்க. ஞாயிற்றுக்கிழமை தாள் கொண்டுவராதீங்கோ மிஸ். பாடமாக்கியும் வராதீங்கோ."

அவர் சிரித்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது அழுகைதான் வந்தது. காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடலாமா என்று யோசித்தாள். எட்டுத் தாய்மார் கண்முன்னே வந்தார்கள்.

ஞாயிறு. ஹோட்டலின் கண்ணாடிக்கு அப்பால் கடல் பளபளத்தது. தாரிகாவும் கூட்டமும் முன் மேசைகளில் இருந்தார்கள். பிள்ளை ஸ்கேல் வாசித்தாலே வீடியோ எடுக்கிறவர்கள். எட்டுப் போனும் உயர்ந்து நின்றன. மயில்நீலச் சேலையில் சுபோதினி பியானோ முன் உட்கார்ந்தாள். மெட்டு போனது. கஜேந்திரனின் முறை போனது. அவர் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

தலைக்குள் அதே காலி வீடு. எதையாவது தொட்டாகவேண்டும் என்று வலது கை இரண்டு கட்டைகளை மாறி மாறித் தொட்டது. மேலே, கீழே, மேலே, கீழே. மேலே போகவேண்டிய ஐந்தாவது சுரம் அரைப்படி கீழே விழுந்தது.

பழனிமுத்து! திருத்தப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. ஒரு வருடமாகக் காது வாங்கியதைக் கை அப்படியே கொட்டியது. பாதியில் நின்றது.

ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொரு மேசை. இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் கத்தியோடு திரும்பி, பல் தெரியச் சிரித்தார். கொழும்பில் அந்த மெட்டைத் தெரியாத வயிறு உண்டா? சாப்பாட்டறை முழுக்கச் சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்து அவள் கையை எடுத்துவிட்டாள்.

அப்போது பௌஸி பெரிய டிரம்மில் டுக்கு டுக்கு டுக்கு என்று மெதுவாகத் தட்டத் தொடங்கினார். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுகிற முச்சக்கர வண்டியின் சத்தம் அது. அவர் முகத்தில் சிரிப்பில்லை, புருவம் உயர்ந்திருந்தது. அது ஒரு கேள்வி என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சாப்பிட்டீங்களோ என்று கேட்கிறார்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள், பழனிமுத்து தொடங்குவது போல. கஜேந்திரன் தன் தந்தியில் விரலை இழுத்துப் பிரேக் பிடித்தார். அவளும் அவரோடு சரிந்தாள். சரிந்த இடம் புது இடமாக இருந்தது. அங்கிருந்து ஒரு வழி போனது. அதில் போனாள். இடது கை எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை. சபை எப்போது சிரிப்பை விட்டது என்றும் தெரியாது. நினைவு வந்தபோது மூவரும் கடைசி மெட்டில் இருந்தார்கள். கைதட்டல் கண்ணாடியில் மோதித் திரும்பியது. தாரிகா கையில் கரண்டியோடு எழுந்து நின்றிருந்தாள்.

"வாற ஞாயிறு பதினொரு மணிக்கு வந்திடுங்கோ" என்றார் கஜேந்திரன், சாதாரணமாக.

சுபோதினிக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கமே அதிகமாக இருந்தது. வாசித்தது யார்?

திங்கட்கிழமை காலை இசைத் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தாள். தான் வாழ்நாளில் வாசித்ததிலேயே நல்லது அது, எழுதி வைத்துவிடவேண்டும். தொடக்கம் வந்தது. பௌஸியின் டுக்கு டுக்கு வந்தது. சரிந்த இடம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மத்தியானம்வரை தேடினாள். பதினெட்டுப் பக்கம் மறக்காதவளுக்கு நேற்றுத் தன் கை செய்தது மறந்துபோயிருந்தது. சொந்தப் பிள்ளையின் முகம் மறந்தது போலப் பதறினாள்.

வீடியோ! குழுவில் கேட்டாள். தாரிகாதான் முதலில் பதில் போட்டாள்: "ஸொறி மிஸ், தொடக்கம் மட்டும்தான் இருக்கு. சிரிச்சதில போனை மேசையில வச்சனான், பிறகு கேட்டுக்கொண்டே இருந்திட்டன்." அடுத்தவளிடம் பதினைந்து செக்கன் வீடியோ. அதற்கு அடுத்தவள், "எடுக்க மறந்திட்டன் மிஸ்" என்று எழுதியிருந்தாள். எட்டுப் பேரிடமும் இல்லை. எட்டுப் பேரும் போனை வைத்துவிட்டு அவளைக் கேட்டிருக்கிறார்கள்.

சுபோதினி அந்தப் பதில்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கண்ணீர் வந்து எழுத்தை மறைத்தது.

மிஞ்சியது ஒரே வழி. நாலு மணிக்கு அந்த உடைந்த மெட்டைக் கேட்டால் கை தானாக வழியைக் கண்டுபிடித்துவிடும். மூன்றே முக்காலுக்கே பல்கனியில் போய் நின்றாள், பென்சிலோடு.

வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியது. மெட்டு வந்தது. ஐந்தாவது சுரம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பழனிமுத்து பிரேக் பிடித்தார், மெட்டு சரியவில்லை. அவளுடைய வாசலில் வண்டியை நிறுத்தி, மெட்டை நிறுத்தாமல், இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். அது கடைசிவரை போய், அழகாக முடிந்தது.

"மிஸ்! புது பெட்டி!" அவர் முகமெல்லாம் பூரிப்பு. "உங்களுக்காகத்தான் மாத்தினேன். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா போச்சு. இப்ப சரியா இருக்கா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாகக் கத்திக் கேட்டதை அந்த மனிதர் செய்து தந்திருக்கிறார்.

"ஒரு பிழையும் இல்லை" என்றாள். கஜேந்திரனின் குரல் தன் வாயிலிருந்து வருவது போலிருந்தது. "பழைய பெட்டி எங்க?"

"காலையிலேயே குப்பை வண்டில போட்டுட்டேன் மிஸ். இனிமே அந்தத் தொல்லையே இல்ல."

கீழே இறங்கிப் போய் இரண்டு மாலு பாண் வாங்கினாள். நன்றி என்றும் சொன்னாள். அதை மனதோடுதான் சொன்னாள். மேலே வந்து, மற்ற நாட்களில் சாத்துகிற யன்னலை அகலத் திறந்துவிட்டு, பியானோ முன் உட்கார்ந்தாள். மெட்டு பிழையில்லாமல் ஒழுங்கைக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் வண்டி பிரேக் பிடித்தபோது, அது சரியவேண்டிய இடத்தில் அவள் சரிந்தாள். அங்கிருந்து ஒரு வழி போனது. நேற்றைய வழி இல்லை.

நாலரை வகுப்புக்கு வந்த தாரிகாவின் மகள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே மலைத்துப்போய் நின்றாள்.

"மிஸ், நீங்க பிழை விடுறீங்க!"

"தெரியும்" என்றாள் சுபோதினி, திரும்பிப் பாராமல். "கொஞ்சம் இரும்மா. இன்னும் முடியேல்லை."