மிக வேகமான கை

முத்திரைப் பிரிவில் ஒரே ஒரு விதி. ஆண்டின் கடைசி வேலை நாளில் யார் அதிக விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறாரோ, அந்த எண்ணிக்கையைத்தான் அடுத்த ஆண்டு முழுக்க எல்லோரும் தினமும் குத்தியாக வேண்டும். ஜெயித்தவர் தற்காலிக ஆள் என்றால் வேலை நிரந்தரம்.

பன்னிரண்டு பேரில், எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடும் பெண் மட்டும்தான் தற்காலிகம். எல்லோரையும்போல நானூறு குத்தியவள், சில மாதங்களாக ஆயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நாலு ஆள் சாப்பாட்டை உள்ளே தள்ளியும் துரும்பாய் இளைத்தாள். பிரிவே கம்பளி போர்த்தி நடுங்க, அவளுக்கு மட்டும் மின்விசிறி சுழன்றது. மேலாளர் அவள் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டை நினைத்து மற்ற பதினொரு பேரும் பல்லைக் கடித்தார்கள்.

"கண்ணாடில பாருடி, முழி ரெண்டும் வெளிய வந்து விழப்போகுது," என்று சொந்த அக்காதான் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டர் கழுத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். நாடி நூற்று முப்பது. நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். காற்றே இல்லாமல் அது படபடத்தது. ரத்தப் பரிசோதனையும் அவர் சந்தேகத்தை உறுதிசெய்தது.

"தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யுது. மாத்திரை போட்டா கொஞ்சங்கொஞ்சமா அடங்கும்."

"வருஷக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடலாமா டாக்டர்? வேலை நிரந்தரமாயிடும்."

"உன் இதயம் தள்ளிப்போடுமான்னு கேட்டுச் சொல்லு."

அவள் மாத்திரையை விழுங்கினாள். விஷயம் தெரிந்த மேலாளர் மறுநாளே டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"இதை மத்த பதினொரு பேருக்கும் வரவைக்க ஏதாச்சும் ஊசி இருக்கா டாக்டர்?"

"வெளிய போங்க சார்."

இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது, கை அடங்கியது. கடைசி நாள் மாலை நானூறோடு அவள் ஓய்ந்தாள். வேலை போச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து மேசைத் தொந்தி அண்ணன் முத்திரையைக் கீழே வைத்துச் சோம்பல் முறித்தார்.

"முன்னூத்தித் தொண்ணூத்தொன்பது. அதுக்குமேல கை வரலம்மா."

மற்ற பத்து மேசைகளிலும் அதே முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது. மேலாளர் மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். விதி விதிதானே.

நிரந்தர உத்தரவை நீட்டிய அவர் கையில் தாள் படபடத்தது.

தங்கச்சி அதையே உற்றுப் பார்த்தாள்.

"சார், எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க."