பெருந்தலைக் காசு

பழைய பல் பிரஷ்ஷில் பேஸ்டைப் பிதுக்கி அம்மா அந்த வெள்ளிக்காசைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷுபிங் சமையலறைக்குள் வந்தபோது கிண்ணத்துத் தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது.

"அம்மா! அதை எதுக்கு எடுத்தே?"

"உங்கப்பா கையில வைக்கணும்ல? போறவர் வெறுங்கையோடவா போவாரு? அதுக்காகக் கறுத்துப்போனதையா குடுக்கிறது? நாலு பேர் வந்து பாப்பாங்க."

அப்பா அன்று விடியற்காலையில்தான் இறந்துபோயிருந்தார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு லுவோயாங் பழங்காசுச் சந்தையே கதியென்று கிடந்தார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன், காசைத் தொடுமுன் மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அம்மாவை அந்தப் பெட்டியின் பக்கமே விட்டதில்லை.

"எத்தனையோ இருக்கே. இது எதுக்கு?"

"இதைத்தான் தினம் எடுத்து எடுத்துப் பாப்பாரு."

சந்தையில் அதைப் பெருந்தலைக் காசு என்பார்கள். ஒரு தளபதியின் தலை அச்சிட்டது. ஊரில் நிறையவே கிடைக்கும். ஆனால் இதில் அச்சைச் செதுக்கியவனின் பெயர் ஓரமாகப் பொடி எழுத்தில் இருந்தது. அதனால் மதிப்பே வேறு. இதை விற்றுத் தம்பி தாவுக்கு ஒரு வீடு. ஷுபிங்குக்கும் தாவுக்கும் அது தெரியும்; அம்மாவிடம் மட்டும் அப்பா சொல்லியிருக்கவில்லை. வீடு இல்லாமல் பெண் கொடுக்க மாட்டோம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

சந்தைக் கூட்டாளி லாவ் பெய் வந்து, அப்பாவை மூன்று முறை குனிந்து வணங்கி நிமிர்ந்தார். அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நேராகப் பால்கனிக்குப் போனார். ஷுபிங்கும் தாவும் பின்னாலேயே போனார்கள்.

"அந்தக் கறுப்புக்குத்தான்மா விலையே. தேய்ச்ச காசை எவன் தொடுவான்? இனி ஏதோ கொஞ்சம் கிடைக்கும். வீடெல்லாம் வராது."

தாவின் முகம் வெளுத்தது. "தேய்ச்சிட்டாங்களா? யாரைக் கேட்டு..." உள்ளே போகத் திரும்பியவனின் கையை ஷுபிங் பிடித்தாள்.

"விடுக்கா. என் கல்யாணம்..."

"தெரியும்டா. இன்னிக்கு வேண்டாம்."

"எப்பதான் சொல்லப்போறே?"

அவள் அவன் கையை விடவில்லை.

"என்னவாம் அங்கே?" உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

லாவ் பெய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்ல அண்ணி. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டீங்களேன்னு சொல்லிட்டிருந்தேன்."

"அவரு இருந்திருந்தா விட்டிருப்பாரா!" என்றாள் அம்மா. குரலில் லேசான பெருமை இருந்தது. "தாவ், வாடா. விரல் மடங்க மாட்டேங்குது. நீ பிடி."

தாவ் அக்காவைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டான். அம்மா காசை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். கட்டைவிரல் மட்டும் நிற்காமல் விலகிக்கொண்டே இருந்தது. அதைத் தன் கைக்குள் வைத்து அழுத்தியபடி அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.