காப்போடு போன பரீட்சை

“அம்மா, உங்க ரிப்போர்ட் கார்டுல யாரு சைன் போடுவாங்க?”

மகள் ஷாந்தினி ஒருநாள் இப்படிக் கேட்டபோது பவானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானேதான் போட்டுக்கணும்” என்றாள்.

மலேசியாவில் செலண்டார் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்துகொண்டு, கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தாள். எத்தனை பேரை வேலை வாங்கினாலும், பட்டம் இல்லாததால் நேற்று பட்டத்தோடு வந்த பையனையும் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே பாச்சாங் டவுனில் ஞாயிறுதோறும் தலைமைத்துவப் பட்டப்படிப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கடைசிப் பரீட்சை மாரியம்மன் திருவிழா நாளில் வந்து விழுந்தது. அது தெரிந்திருந்தும், முந்தின நாள் காலையில் பூசாரி காப்புக் கட்ட எதிரில் வந்து நின்றதும் வருடா வருடம் நீட்டிய கை தானாக நீண்டுவிட்டது. மஞ்சள் கயிறு ஏறிய பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

வேறொரு நாளில் எழுத முடியுமா என்று படிப்பு ஆபீசுக்குப் போன் போட்டாள். “படிப்பு உங்க வசதிக்கு, மேடம். பரீட்சை மட்டும் எங்க வசதிக்கு” என்றார்கள். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

திருவிழாக் காலையில், கணவன் முனுசாமி மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோது, கோயில் தலைவர் வடிவேலு தோட்டத்து வாசலில் குறுக்கே வந்து நின்றார்.

“எங்கம்மா கெளம்பிட்ட? கையில காப்பு இருக்குல்ல?”

“எக்ஸாமுக்குண்ணே.”

“ஆத்தாளவிட ஒனக்கு எக்ஸாம் பெருசா? இந்த வயசுல லீடராகி யாரை ஆளப் போற? அன்னதான அண்டா கழுவறது ஒம் பங்கு. யாரு செய்வா?”

“கயிறு ஆத்தா பேருல கட்டினதுண்ணே. அவ என் கையோடதான் வர்றா. தடுக்கணும்னா அவளைத் தடுங்க.”

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா கூடையை இடுப்பில் இடுக்கியபடி முன்னால் வந்தாள். “வழிய விடுங்கலா, பிள்ளைக்கு நேரமாகுது. அண்டாவுக்கு நானாச்சு.”

வடிவேலு முணுமுணுத்துக்கொண்டே விலகினார்.

பரீட்சைக் கூடத்தில் சிலர் அவள் மணிக்கட்டைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். பவானேஸ்வரி கயிற்றைச் சேலைக்குள் மறைக்கவில்லை. மஞ்சள் கறை விடைத்தாளின் ஓரத்தில் ஒட்டியது. ஒட்டட்டும் என்று கடைசிக் கேள்விவரை எழுதினாள்.

பிற்பகலில் திரும்பி வந்து நேரே சன்னதிக்குப் போனாள். வடிவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். சமையல் கொட்டகையில் அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. குஞ்சம்மா ஓரமாக உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

“நல்லா எழுதுனியா?”

“எழுதிட்டேன்க்கா.”

“அது போதும்” என்று சொல்லி, குஞ்சம்மா கஷ்டப்பட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

திருவிழாவுக்கு மறுநாள் கோயில் வாசலைக் கூட்டுவது குஞ்சம்மா வீட்டு முறை. விடியுமுன்னே, லயத்தில் ஒரு விளக்கும் எரியாத வேளையில், பவானேஸ்வரி விளக்குமாற்றோடு போனாள். வாடிய பூவையும் வேப்பிலையையும் கூட்டி அள்ளி, தண்ணீர் தெளித்து, ஒரு கோலமும் போட்டாள். பின்னர் ஓசையில்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.