மானிட்டர் மூலையில் இருபத்தைந்து

நான் இரண்டே நொடி குனிந்தேன். என் மச்சான் டைரக்டர் ஆகிவிட்டான்.

அவன் தங்கையை நான் கட்டுவதற்கு முன்னாலிருந்தே நாங்கள் சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாகத் தெருத்தெருவாக அலைவோம். ஒரு நாள் மழை. கடைத்தெரு முனையில் குடை விற்பவரின் குடைகள் அத்தனையும் காற்றில் கிளம்பிவிட்டன. மனிதர் ஒன்றைக்கூடப் பிடிக்காமல், வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் நான், முந்தைய படம் சரியாக வந்திருக்கிறதா என்று கேமராவின் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மச்சான் கேமராவை அமுக்கிவிட்டான்.

"எடுத்தத உடனே குனிஞ்சு பாக்காத மாப்ள. அடுத்தது போயிடும்" என்றான். வயிற்றெரிச்சலுக்கு மேல் அறிவுரை வேறு.

அந்தப் படத்தை ஒரு பாடகி பார்த்தாள். தன் பாட்டுக்கு வீடியோ எடுத்துத்தரச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று நான்கு வீடியோ ஆகிவிட்டது. நான் இன்னமும் ஸ்டுடியோவில், "தாடையக் கொஞ்சம் இறக்குங்க" என்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். "எங்கண்ணன் பாட்ட முப்பது லட்சம் பேர் பாத்துட்டாங்களாம்" என்று மனைவி சாப்பாடு போடும்போதுதான் சொல்வாள். அப்புறம் எங்கே இறங்கும்?

ஐந்தாவது வீடியோவின் படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோ எடுக்க என்னையே கூப்பிட்டான். "வெளியாள் எதுக்கு? நீ வா மாப்ள."

போனேன். அதே கடைத்தெரு முனை. நான் தவறவிட்ட நொடியை, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மறுபடி உண்டாக்கிக்கொண்டிருந்தான்! செயற்கை மழை, பெரிய மின்விசிறி, நாற்பது குடை. நடுவில் பாடகி. போலீஸ் அனுமதி காலை ஆறிலிருந்து பத்து வரை. மறுநாள் பாடகி வெளிநாடு கிளம்புகிறாள். திரும்ப மூன்று மாதம் ஆகும். இன்றைக்கு விட்டால் இந்தப் பாட்டு இல்லை.

குடைகள் மெதுவாக மிதக்க வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு வித்தை உண்டு. ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். பாடகியும் அதே வேகத்தில் வாயசைப்பாள். கேமராவை நொடிக்கு இருபத்தைந்து படத்துக்குப் பதில் ஐம்பதில் வைத்து எடுத்து, பிறகு சாதாரண வேகத்தில் போட்டால் எல்லாம் சரியாக வந்துவிடும். வைக்க மறந்தால் போச்சு. பாடகி கோழி கொத்துகிற மாதிரி வாயை அசைப்பாள்.

காலையில் வெறும் தெருவை இருபத்தைந்தில் எடுத்தார்கள். அப்புறம் கேமராமேன் கேமராவுக்கு மழை உறை மாட்டுகிற மும்முரத்தில் இருபத்தைந்தை ஐம்பதாக மாற்ற மறந்துவிட்டார்.

நான் பார்த்துவிட்டேன். மச்சானின் தோளுக்குப் பின்னால் நின்று அவன் பக்கவாட்டு முகத்தை ஸ்டில் எடுக்கும்போது, மானிட்டரின் மூலையில் சின்னதாக 25.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "குடைய விடுங்க!" என்று கத்தினான். நாற்பது குடையும் எழுந்தன. என் குடைகள். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது டேக். "எப்படி இருக்கு மாப்ள?"

"பிரமாதம்" என்றேன்.

எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்ப்பானா என்று எதிர்பார்த்தேன். அவனா பார்ப்பான்! குனியாத ஆளாயிற்றே. மூன்றாவது டேக்கும் முடிந்தது. அவன் எல்லோருக்கும் டீ சொன்னான். எனக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் ஊறியது. பயமாகவும் இருந்தது.

டீயோடு வந்த மச்சான் என் தோளில் இடித்தான். "போஸ்டருக்கு ஏதாவது தேறுமா? காட்டு." நான் யோசிப்பதற்குள் கேமரா அவன் கைக்குப் போய்விட்டது.

"என்னடா, என் மூஞ்சி புகை மாதிரி இருக்கு! எதுமேலடா ஃபோகஸ் வச்சே?" என்று சிரித்தான். பிறகு படத்தைப் பெரிதாக்கினான்.

சிரிப்பு நின்றது.

என் விரல் எதன்மேல் ஃபோகஸ் வைத்திருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் முகம் மங்கல். மூலையில் 25 மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. படங்களைப் பின்னோக்கித் தள்ளினான். மானிட்டர் விழுந்த மூன்று படத்திலும் அப்படியே. அடியில் நேரம்: எட்டு பத்து, எட்டு நாற்பது, ஒன்பது ஐந்து.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திரும்பப் பேசியிருப்பேன்.

அவன் கட்டைவிரல் இரண்டு தடவை அமுங்கியது. எட்டு பத்து அழிந்தது. எட்டு நாற்பது அழிந்தது. மீதியிருந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கேமராமேன் சார்! இருபத்தஞ்சுல ஓடுது! நல்ல வேளை, நம்ம மாப்ள கண்டுபிடிச்சுட்டான்!"

கைதட்டினார்கள். கேமராமேன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் பொழப்பக் காப்பாத்திட்டீங்க சார்" என்றார். பாடகிகூடக் குடைக்கு அடியிலிருந்து கும்பிட்டாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே டேக்கில் முடித்தான். இந்த முறை குனிந்து, போட்டுப் பார்த்தான். குடைகள் மிதந்தன. உதடு ஒட்டியது.

கிளம்பும்போது, "அடுத்த வீடியோவுக்கும் வந்துடு" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நின்றாள். "அண்ணன் போன் பண்ணுச்சு. நீங்க மட்டும் பாக்கலேன்னா எல்லாம் போயிருக்குமாமே! எங்க அந்தப் படம்?"

கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். "அண்ணன் மூஞ்சியே தெரியல, நம்பர்தான் பளிச்சுன்னு இருக்கு. பரவால்ல, பெருசாக்கி ஸ்டுடியோவுல மாட்டலாம்." பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள். "எழுபத்திநாலாவது படத்தக் காணோம். அறுபத்தொண்ணும் இல்ல. அழிச்சுட்டீங்களா?"

"அழிஞ்சுடுச்சு."

"அய்யய்யோ, நல்லா வந்திருந்துதா?"

"ரொம்பத் தெளிவா வந்திருந்துது" என்றேன்.