மூன்று சுழி

டயாலிசிஸ் மையத்து வண்டிக்குப் பட்டியல் போடுவது சாயிரா பானுவின் வேலை. எக்செல் தாளில் மேலே ஊர்ப் பெயர் இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால், முன்பு இங்கே வேலை பார்த்த குமரேசன் எழுதி வைத்த மேக்ரோ என்கிற குட்டி நிரல் டேட்டாபேஸுக்குள் போய், அந்த ஊர் நோயாளிகளின் பெயர்களை அள்ளிக்கொண்டு வரும். பெயர் வராத ஊருக்கு வண்டி போகாது.

திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு வண்டி போகவில்லை. அங்கே ஒரே நோயாளி, தங்கம்மாள். அவருக்குக் கால் வீங்கிக் கிடக்கிறதாம் என்று செவ்வாய் மதியம் நர்ஸ் வந்து சொன்னதும் பானு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நாளைக்கும் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

பட்டனைத் தட்டினாள். வேங்கிக்கால் ஊருக்கு ஏழு பேர் வந்தார்கள். கீழ்பென்னாத்தூருக்கு வெறும் கட்டம். பிழை என்றாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, சனியன்! பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் தங்கம்மாள் பெயர் குத்துக்கல் மாதிரி அங்கேயே இருக்கிறது.

ஆத்திரம் தாங்காமல், சென்னைக்கு வேலை மாறிப் போய்விட்ட குமரேசனுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். அரைகுறையாக எழுதிவிட்டு ஓடிவிட்டாய் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“ஊர் பேரை நீங்க டைப் பண்ணாதீங்கக்கா. டேட்டாபேஸ்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டிப் பாருங்க.”

ஒட்டினாள், தட்டினாள். தங்கம்மாள் வந்து உட்கார்ந்தார்.

தாளில் முன்பு இருந்த ஊர்ப் பெயரையும் இப்போது ஒட்டியதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். டேட்டாபேஸில் ரெண்டு சுழி ‘ன’. தாளில் மூணு சுழி ‘ண’. சனிக்கிழமை ஒரு கடை போர்டில் ‘கீழ்பெண்ணாத்தூர்’ என்று பார்த்துவிட்டு, இத்தனை நாளாகத் தப்பாக இருந்திருக்கிறதே என்று தாளில் திருத்தியது அவளேதான். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், மேக்ரோவுக்கு அது எப்படித் தெரியும்?

குமரேசனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான், அது சுலபமாகவே முடிந்தது. அடுத்து தங்கம்மாளுக்குப் போன் போட்டு, நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்றாள். ஏன் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை என்றும் கேட்டாள்.



“வயசாயிடுச்சு, இனிமே எதுக்குனு பேரை எடுத்துட்டீங்கனு நெனச்சேன்மா. அதான் கேக்கல.”



“உங்க பேரு அப்படியேதாம்மா இருந்துச்சு. நான்தான் ஊர் பேரைத் திருத்திட்டேன்.”