நீல டயல்

டாக்டர் கெட்டிக்காரர். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிற நாளிலும் தன் கைதான் கொடுக்கிற கையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரை வேறு என்னவென்று சொல்வது? போவதென்று முடிவு செய்தவள் அவள். அனுப்பிவைப்பதாகச் சொல்லிக்கொண்டவர் அவர். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையைத் தானே துடைத்து, அதன்மேல் கறுப்பு வெல்வெட் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு நிறையப் பழைய கைக்கடிகாரங்கள். எல்லாம் சுவிஸ். எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தவை.

"உனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கோ," என்றார். "வெறுங்கையோட அனுப்பினான்னு நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது பாரு. உன் ரசனைக்கு எது பிடிக்குதோ அது."

'ரசனை' என்னும்போது அவர் உதடு லேசாகக் கோணியது. அவள் விஷயத்தில் அந்தச் சொல்லைக் கோணாமல் அவர் சொன்னதே கிடையாது.

வாசல் கதவோரம் இரண்டு பெட்டிகள் நின்றன. பெரியது அவளுடையது. சின்னது மகளுடையது. அவள் கண் கடிகாரங்களில் இல்லை. அந்தச் சின்னப் பெட்டியில் இருந்தது. பதினேழு வயது மகள் நேற்றுச் சாயங்காலம்தான், "சரி, வரேன்," என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுத் துணிகளை அடுக்கியிருந்தாள். 'யாரோட இருக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும்' என்று டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தன்னை விட்டுப் போவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பெட்டியைப் பார்த்த பிறகும் நினைக்கவில்லை. தாய்க்கோ உயிரே அந்தப் பெட்டியில்தான் இருந்தது. வேறு ஊரில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, சின்னதாக ஒரு வாடகை வீடு, அதில் மகளுக்கென்று ஜன்னல் வைத்த அறை, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இனி அந்தப் பெட்டி வாசலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் கண் டாக்டர். ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணுகிறவருக்குத் தன் வீட்டில் இருப்பவர்கள் யாருக்கும் கண் இருப்பதாகவே நம்பிக்கையில்லை. எது அழகு, எது அசிங்கம் என்று அவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். பழைய வாட்சில் கீறல் இருக்கலாம். டயல் மங்கலாம். கறுப்பு வெளுத்துக் காப்பி நிறமாகலாம். அதெல்லாம் காலம் போட்ட கையெழுத்தாம். ஆனால் புதிதாகப் பெயிண்ட் அடித்த டயலோ, தேய்த்து மினுக்கிய வாட்ச் கூடோ கண்ணில் பட்டால் முகத்தைச் சுளிப்பார்.

கல்யாணமான புதிதில், அவருடைய பிறந்தநாளுக்காக, அவர் ரொம்பவும் கொண்டாடிய ஒரு வாட்சை ஆசை ஆசையாகப் பற்பசை போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கித் தலையணைமேல் வைத்துவிட்டாள் அவள். அத்தனை வருஷத்துப் பழமையும் ஒரு கந்தல் துணியோடு போயிற்று. அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. பேர் வைத்தார். 'பளபளா'. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பளபளாதான். வாட்ச் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால், "இருங்க, நம்ம பளபளா டீ போட்டுட்டு வருவா," என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மழலை பேசிய வயதில் மகளும் அதைச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்?

அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்ல டாக்டருக்கு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. நாக்கைத் தட்டி ஒரு 'உச்' கொட்டுவார். ஆசைப்பட்டு வாங்கிய திரைச்சீலை கடைக்குத் திரும்பிப் போகும். வெளியே கிளம்பி நின்றவள் உள்ளே போய் வேறு துணி மாற்றிக்கொண்டு வருவாள். சமையலறையில் இருந்தாலும் அந்த 'உச்' அவள் காதில் விழுந்துவிடும். எதற்காகக் கொட்டினார், யாருக்காகக் கொட்டினார் என்று அவள் யோசிப்பதே கிடையாது. தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வாள். பழகிப்போயிற்று.

"எடுத்துக் கட்டித்தான் பாரேன்," என்றார் டாக்டர். "கடிக்காது."

மேஜையின் மறுமுனையில் மகள் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தாய் தட்டைப் பார்த்தாள்.

தட்டின் நட்டநடுவில் ஒரு நீல டயல் இருந்தது. சின்ன, சதுரமான வாட்ச். மேலே தங்க முலாம். எவனோ ஒரு புண்ணியவான் பழைய டயலைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பளிச்சென்று நீலம் அடித்திருந்தான். எப்போதோ ஏலத்தில் மொத்தமாக வாங்கியபோது கூட்டத்தோடு கூட்டமாக வந்தது. அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். அதைப் போய் இந்த வெல்வெட் தட்டில், அதுவும் நடுவில், டாக்டர் வைத்ததே இல்லை. இன்று யாருக்காக வைத்திருக்கிறார் என்று பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் கை அதனிடம்தான் போயிற்று. வேறொன்றுமில்லை, அவளுக்கு அது பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. எண்கள் பெரிதாக, கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி இருந்தன. மழை விட்ட மறுநாள் வானம் இருக்குமே, அந்த நீலம். மற்ற வாட்சுகளைக் கட்டினால் அவளுடைய எலும்பு மணிக்கட்டு அதன் அடியில் காணாமல் போய்விடும். இது கனக்கவேயில்லை. சாவி கொடுத்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். ஓடியது. கையில் கட்டிக்கொண்டாள்.

"இது," என்றாள். "எனக்கு இது பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகு அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. அந்த வீட்டில் 'உங்களுக்குப் பிடிக்குமா', 'அவளுக்குப் பிடிக்குமா' என்றுதான் அவள் வாயிலிருந்து வந்திருக்கிறது. 'எனக்குப் பிடிச்சிருக்கு' புதுசு. கூச்சத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது. நிமிர்ந்து மகளைப் பார்க்கப் போனாள்.

அதற்குள் டாக்டர் வெடித்துச் சிரித்தார். தொந்தி குலுங்கியது. "நான் நினைச்சேன்! இத்தனை நல்ல சரக்கு கிடக்கு, கை எங்க போகுது பாரு! தங்கத்தைக் கொட்டி வச்சாலும் ஜிகினாவைத்தான் பொறுக்குவா. என் பளபளாவை எனக்குத் தெரியாதா?"

'உச்' என்று ஒரு சத்தம் கேட்டது. டாக்டர் கொட்டவில்லை, அவர் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மகள் கொட்டினாள். அப்பா கொட்டுவது போலவே, அச்சு அசலாக.

அவள் நீல வாட்சை மறு கையால் மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு. இப்படிப்பட்ட ஒருத்தியோடா ஊரை விட்டுப் போகப் போகிறோம் என்று பிள்ளை நினைத்துவிட்டாள். கீழே வாடகைக் கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் யாரையும் பார்க்காமல் தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டாக்டரின் செல்லமான காப்பி நிற டயல் இருந்தது. பிள்ளைக்குப் பிடித்தது அதுதான் என்று முடிவுகட்ட அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இல்ல, இல்ல," என்று நீல வாட்சை அவசர அவசரமாகக் கழற்றினாள். பட்டையின் கொக்கி நகத்தில் சிக்கியது. "சும்மா கட்டிப் பார்த்தேன். இதைப் போய் யாராவது எடுப்பாங்களா? இதோ, இதுதான். இந்த டயலைப் பாரேன். வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கு. தானா வந்த பழமை. இதுதான் அழகு. இல்லடி?"

டாக்டரின் பேச்சையே, டாக்டர் இழுக்கிற இடத்தில் இழுத்து, டாக்டர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொன்னாள். கேட்கச் சகிக்கவில்லை. அந்த இடத்திலேயே அவளைப் பிடித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே என்றிருந்தது.

"அடேங்கப்பா," என்றார் டாக்டர். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். "கிளிக்குப் பேச வந்துடுச்சு! எடுத்துக்கோ, எடுத்துக்கோ. தட்டுலயே ஒசத்தியானது அதுதான். ஆனா இந்தப் பேச்சைக் கேட்டதுக்கே தாராளமா குடுக்கலாம்."

மகள் எழுந்தாள். நேரே வாசலுக்குப் போய்த் தன் பெட்டியைத் தூக்கினாள். தாய்க்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. காப்பி நிற வாட்சைக் கட்டிய கையால் தன் பெட்டியின் பிடியைத் தேடினாள்.

மகள் பெட்டியோடு திரும்பி, கூடத்தைக் கடந்து, தன் அறைப் பக்கம் நடந்தாள்.

"கண்ணு, கார் கீழே நிக்குது," என்றாள் அவள், அசடு மாதிரி.

"நான் வரல."

"ஏண்டி? நான்தான் அதை வச்சுட்டேனே! நீ உச் கொட்டின உடனே வச்சுட்டேனே!"

மகள் அறை வாசலில் நின்றாள். "உன்னையா கொட்டினேன்? அவரைக் கொட்டினேன். அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியல." பெட்டியைக் கீழே வைத்தாள். "உன் கைக்கு அந்த நீலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? பிடிச்சிருக்குன்னு வேற சொன்னே. எங்கம்மாவா இதுன்னு நினைச்சேன். அதுக்குள்ள கழட்டிட்டே."

"எனக்குத் தெரியாதுடி. நீ அப்பா மாதிரியே..."

"ஆமா, அவர் மாதிரிதான் இருக்கேன். இங்க இருந்தா இன்னும் மோசமா ஆவேன். அதுவும் தெரியும்." மகள் மூக்கை உறிஞ்சினாள். "பரவால்ல. உன்கூட வந்தா உன்னை மாதிரி ஆயிடுவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். பெற்ற பிள்ளை சொன்னது. நெஞ்சுக்குள் எங்கேயோ நேராகப் போய் நின்றுகொண்டது. அழுகைகூட வரவில்லை.

டாக்டர் வாட்சுகளை ஒவ்வொன்றாக அதனதன் குழியில் பதித்துக்கொண்டிருந்தார். மகள் தன்னைச் சொன்னதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார் போலும். இப்போது அவர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கார்க்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அவள் காப்பி நிற வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தட்டில் இருந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஏதோ ஒன்று இன்னும் மிச்சமிருப்பதாக, இதைச் சரியாகச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதாக அவளுக்குப் பட்டது. மெல்ல, கெஞ்சலாகக் கேட்டாள்:

"அப்ப... அந்த நீலத்தையே எடுத்துக்கட்டுமாடி?"

மகள் அவளையே பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"பாரு," என்றாள். "இப்பவும் என்னைத்தான் கேக்கறே."

பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள்.